யானைத் துப்பாக்கிக்கு என்ன மரம்?

கோடாலியில தேயறது இரும்பு, உடையறது காம்பு. விவசாயம் பண்றவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. ஒரு மண்வெட்டித் தகடு தேஞ்சு முடியறதுக்குள்ள நாலு காம்பு மாத்தியிருப்போம். அடி எல்லாம் இரும்பு மேலதான் விழுதுன்னு வெளியிலிருந்து பாக்கறவங்களுக்குத் தோணும். அந்த அடியைக் கடைசியா வாங்கிக்கறது மரம். அது எந்த மரம், எந்தப் பக்கமா நார் ஓடுது, எத்தனை நாள் காய்ஞ்சது, இரும்போட எப்படிப் பொருந்தி உக்காந்திருக்குங்கறதுலதான் ஆயுதத்தோட ஆயுசு இருக்கு.

இதே காம்புப் பிரச்சினையோட பெரிய வடிவம் ஒண்ணு வேட்டைத் துப்பாக்கிகளோட சரித்திரத்துல இருக்குங்க. யானை, காட்டுமாடு, ஆப்பிரிக்கக் காட்டெருமை மாதிரியான பெரிய மிருகங்களைச் சுடறதுக்குன்னு செஞ்ச பெரிய காலிபர் ரைபிள்களுக்கு அடிக்கடி உடைஞ்சது இரும்புக் குழல் இல்லை, தோளில் வெச்சுக்கற மரக்கட்டைதான். உடைஞ்ச கட்டைக்குப் பதிலா என்ன போடலாம், எது நீடிக்கும்னு நூத்தம்பது வருஷமா உலகம் முழுக்க மண்டையை உடைச்சிருக்காங்க. நம்ம நாட்டுல 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டைக் காலம் முடிஞ்சு போச்சு, முடிஞ்சதும் நல்லதுக்குத்தான். ஆனா அந்தக் கட்டையோட கதை மரத்தைப் பத்தின கதை. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

யானைக்காதுத் தோல் வைத்தியம்

ஃபிரடெரிக் செலஸ் என்ற ஆங்கிலேயர் 1871இல், பத்தொன்பது வயதில், தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கினார். யானைத் தந்தத்துக்காக வேட்டையாடுவதுதான் அவர் தேர்ந்தெடுத்த தொழில். அவர் கையில் இருந்தவை 4-போர் துப்பாக்கிகள். நம்ம ஊர்ல 12 போர் துப்பாக்கின்னு சொல்றாங்க இல்லீங்களா, அதே கணக்குதான் இதுவும். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை போட்டால் ஒரு உருண்டை நுழையும் குழல் 12 போர். ஒரு பவுண்டில் 4 உருண்டை மட்டும் போட்டால் அது 4 போர். அதாவது ஒரு குண்டின் எடை சுமார் 113 கிராம். ஒரு பெரிய எலுமிச்சம்பழ எடையுள்ள ஈயத்தைத் தோளிலிருந்து சுடுவது மாதிரி. வாய்வழியாக மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி அது. கரி மருந்தைக் கையால் அள்ளிப் போட்டுச் சுடுவார்.

1870களில் ஒரு நாள் அவருடைய துப்பாக்கி ஒரு தடவை வெடிக்கவில்லை. கூட வந்த துப்பாக்கி தூக்கி அதைக் கவனிக்காமல், ஏற்கனவே இருந்த மருந்தின் மேலேயே இன்னொரு தடவை மருந்தும் குண்டும் கிட்டித்துக் கொடுத்துவிட்டார். இரட்டைச் சுமை. செலஸ் விசையை இழுத்ததும் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். துப்பாக்கி கையை விட்டுப் பறந்தது. மரக்கட்டை சுக்குநூறானது. குழல் தாங்கிவிட்டது என்பதைக் கவனிக்கணும். இந்தச் சம்பவத்தை அவரே 1881இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்டையைச் சரிபண்ண அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடிச்ச இடம். யானைக் காதின் உள்பக்கத் தோலைப் பச்சையாக உரித்து, உடைந்த கட்டையைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றிக் கட்டினார்கள். பச்சைத்தோல் காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது இரும்புப் பட்டை போட்ட மாதிரி உள்ளே இருக்கறதை இறுக்கிப் பிடிக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. பச்சைத்தோல் வார் வெச்சு நுகத்தடியையும் ஏரையும் கட்டின தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆப்பிரிக்கக் காட்டுக்கும் நம்ம களத்துமேட்டுக்கும் நடுவுல கடல் இருந்தாலும் தோலோட குணம் ஒண்ணுதான்.

அந்தத் துப்பாக்கிகளின் உதைப்பு தன் நரம்புகளையே பாதித்துவிட்டது, அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் செலஸ் வருந்தினார். காரணம் எளிமையானது. அவருடைய 4-போர் துப்பாக்கியின் எடை ஐந்தே முக்கால் கிலோகூட இல்லை. அதே 4-போர் அளவில் சாமுவேல் பேக்கர் என்பவருக்கு 1840இல் ஒரு ரைபிள் செய்து கொடுத்தார்கள். அதன் எடை 21 பவுண்டு, ஏறக்குறைய 9.5 கிலோ. பேக்கர் அதோடு இலங்கைக்குப் போய்ப் பல வருஷம் யானை வேட்டையாடினார். நுவரெலியாவில் பண்ணையும் போட்டார். இரண்டு துப்பாக்கியும் ஒரே அளவு குண்டைத் தள்ளுகின்றன. கனமான துப்பாக்கி மெதுவாகப் பின்னால் வரும், லேசானது வேகமாக வந்து இடிக்கும். வேகம் இரட்டிப்பானால் இடியின் சக்தி நான்கு மடங்கு. எடையைக் குறைத்தால் அந்தக் கடனை மரமும் தோளும்தான் அடைக்கணும்.

வால்நட் மரத்தின் ஆட்சி

ஐரோப்பாவில் துப்பாக்கிக் கட்டை என்றாலே வால்நட். நம்ம பக்கம் அக்ரூட்னு சொல்ற பருப்பு காய்க்கிற அதே மரம். காஷ்மீரில் செதுக்கு வேலைப் பெட்டிகள் செய்கிறார்களே, அதுவும் இங்கிலாந்துத் துப்பாக்கிப் பட்டறைகள் தேடித் தேடி வாங்கிய மரமும் ஒரே இனம்தான்.

ஏன் இந்த மரம்? ரொம்ப உறுதியான மரம் என்பதால் அல்ல. அதைவிடக் கெட்டியான மரங்கள் எத்தனையோ இருக்கு. வால்நட்டில் மூன்று குணம் சேர்ந்து அமைந்திருக்கிறது. முதலாவது, ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் ஊதாது, சுருங்காது. இரண்டாவது, உளி எந்தப் பக்கம் போனாலும் சீவிக்கொண்டு போகும், பிசிறு தெறிக்காது. துப்பாக்கியின் இரும்பு உக்காரும் குழியைத் தாள் கனம்கூட இடைவெளி விடாமல் குடைய முடியும். மூன்றாவது, திடீர் அடியை வாங்கி வளைந்து கொடுக்கும், சட்டென்று பிளக்காது. எடையும் தண்ணீரின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும்.

நம்ம தேக்கை எடுத்துக்குங்க. ஊதாது, சுருங்காது, கரையான் தொடாது. கதவு நிலைக்கு அதை விட்டா வேற மரம் இல்லை. ஆனா திடீர் அடிக்கு அது அவ்வளவு ஒத்துவராது, பிளந்துடும். அதனாலதான் தேக்குல கோடாலிக் காம்பு போடறதில்லை. ஈட்டி மரம் பளபளன்னு அழகா இருக்கும், ஆனா கனம் அதிகம். ஒரு வேலைக்கு ராஜாவா இருக்கற மரம் இன்னொரு வேலைக்கு உதவாம போறது மர வேலையில சகஜம்.

வால்நட் கிடைக்காத இடத்தில் உள்ளூர் மரத்தைத்தான் பார்த்தார்கள். தென்னிந்தியாவில் துப்பாக்கிக் கட்டைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் பயன்பட்ட மரம் என்று ஆங்கிலேயர் காலத்து மர விவர நூல்கள் குறித்து வைத்திருப்பது நம்ம பூவரசை. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அதே பூவரசு. யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியம் இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு ஆகற மரம் நெருக்கமான நாரோட, பிளக்காம, ஓயாம இடி வாங்கணும். கட்டைக்கும் வேண்டியது அதே குணம்தான். போத்து ஊனினா முளைக்கற மரம், வேலியோரத்துல நிக்கற மரம்னு நாம அதுக்குக் கொடுக்கற மரியாதை கொஞ்சம் கம்மிதான்.

அடி விழுகிற மூன்று இடங்கள்

1898 இரண்டு வகையில் முக்கியமான வருஷம். லண்டனில் ரிக்பி பட்டறை .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டு வந்தது. கரி மருந்து போய், புகையில்லாத கார்டைட் மருந்து வந்தது. ஜெர்மனியில் அதே வருஷம் மௌசர் தன் புகழ்பெற்ற போல்ட் ரைபிளை ராணுவத்துக்குக் கொடுத்தது. இந்த இரண்டு வழியும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் 1911இல் .416 ரிக்பி, 1912இல் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரியான தோட்டாக்கள் பிறந்தன. ஒன்பது கிலோ பீரங்கியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நாலரை கிலோ ரைபிள் போதும் என்று ஆனது.

ஆனால் மரத்தின் பாடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .416 ரிக்பியின் குண்டு சுமார் 27 கிராம். வெளியேறும் வேகம் நொடிக்கு 720 மீட்டருக்குப் பக்கம். வெடிக்கும் வாயுவையும் சேர்த்தால், நாலரை கிலோ ரைபிள் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்புகிறது. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிளை வேகமா மிதிச்சுட்டு வந்து சுவத்துல மோதற வேகம். இந்த வேகம் கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லாத பொழுதில் வந்துவிடுகிறது. இரும்பு பின்னால் பாயும்போது மரத்தையும் தள்ளிக்கொண்டு போகணும். எங்கே பிடித்துத் தள்ளுகிறது?

மௌசர் வகை ரைபிளில் குழலுக்கு அடியில் இரும்பில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதை உதைப்பல்னு வெச்சுக்குவோம். கட்டைவிரல் நகத்தளவுதான் அதன் முகம். மரத்தில் அதற்கென்று குடைந்த பள்ளத்தின் பின்சுவர்மேல் இந்தப் பல் மோதுகிறது. முதல் பலவீனமான இடம் இதுதான்.

அதற்குப் பின்னால் தோட்டா வைக்கும் பெட்டிக்காக மரத்தை அடி வரைக்கும் குடைந்திருப்பார்கள். பெட்டிக்கும் விசைக்கும் நடுவில் சுவர் மாதிரி மெல்லிய மரம் மட்டும் நிற்கும். அது இரண்டாவது இடம். அதற்கும் பின்னால் கை பிடிக்கிற கழுத்து. கட்டையிலேயே ஒல்லியான பகுதி அதுதான். மூன்றாவது இடம்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. உதைப்பல் மோதும் சுவர் நசுங்கி அரை மில்லிமீட்டர் பின்வாங்கினால் என்ன ஆகும்? இரும்பு மொத்தமும் அந்த அரை மில்லிமீட்டர் பின்னால் நகரும். அதன் வால் நுனி, கழுத்து மரத்தில் போய் இடிக்கும். அந்த வால் கூர்மையாகத்தான் இருக்கும். விறகு பிளக்கறவங்களுக்கு இதைப் பாத்ததும் பேர் தெரிஞ்சிடும்: ஆப்பு. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சம்மட்டி அடி. நார் ஓடும் திசையிலேயே ஆப்பு இறங்கினா எந்த மரமும் பிளக்கும். வால்நட்டும் பிளக்கும், பூவரசும் பிளக்கும்.

வெடிப்பு கழுத்தில் தெரியும். நோய் முன்னால் உதைப்பல் பள்ளத்தில் இருக்கும். கழுத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டால் பத்து வெடியில் மறுபடியும் பிளக்கும். பயிர்ல மேல் இலை மஞ்சளானா இலைக்கு மருந்தடிக்காம வேரைத் தோண்டிப் பாக்கறோமே, அது மாதிரிதான்.

இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. அடிபட்ட மிருகம் திரும்பி வரும்போது இரண்டாவது வெடிக்குக் கிடைக்கிற அவகாசம் சில நொடிதான். அப்போது கட்டை கழுத்தில் ஆடினால் குறி எங்கோ போகும். கென்னத் ஆண்டர்சன் அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி முதலான காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது கையில் வைத்திருந்தது 1895 மாடல் வின்செஸ்டர். .405 தோட்டா, 19 கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டு. அந்த ரைபிளின் இரும்பு, கழுத்து மரத்தை மேலும் கீழும் இரண்டு நாக்கால் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. இரண்டு நாக்குக்கும் இடம் விட்டுக் குடைந்த பிறகு அங்கே மிஞ்சுகிற மரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் ராத்திரி மச்சான்மேல் உக்காந்திருந்தார்கள்.

பட்டாளத்துத் துப்பாக்கி சொல்லிக்கொடுத்த பாடம்

வேட்டை ரைபிள் செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் செய்தார்கள். ராணுவங்கள் லட்சக்கணக்கில் செய்தன. அவ்வளவு வால்நட் உலகத்தில் இல்லை. வால்நட் காய்ப்புக்கு வர சில வருஷம் போதும், கட்டைக்கு ஆகும் வைரம் பாய ஐம்பது அறுபது வருஷமாவது வேணும். இரண்டு உலகப்போர்கள் அந்த மரங்களை விழுங்கின. வேறு மரத்துக்குப் போன ஒவ்வொரு நாடும் ஒரு பாடம் கற்றது. அந்தப் பாடங்கள்தான் பிறகு பெரிய காலிபர் ரைபிளுக்கும் வந்து சேர்ந்தன.

முதல் பாடம் நம்ம நாட்டிலேயே. பழைய போலீஸ்காரர்கள் தோளில் பார்த்திருப்பீர்கள், 303 ரைபிள். கல்கத்தா அருகே இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நம்ம வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்தால் முன்கட்டை சுருங்கி நெடுக்க வெடிக்கும். இச்சாப்பூர்க்காரர்கள் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தார்கள். உலகம் முழுக்கப் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதை இன்றும் இச்சாப்பூர் திருகு என்றே சொல்கிறார்கள். மரத்தை மாத்தலை. மரம் எந்தத் திசையில பிளக்குமோ அதுக்குக் குறுக்கே ஒரு இரும்பு. வண்டிச் சட்டத்துல வெடிப்பு கண்டா பட்டறையில குறுக்கு போல்ட் போட்டு முறுக்குவாங்களே, அதேதான்.

இரண்டாவது பாடம் ஆஸ்திரேலியாவில். அதே 303 ரைபிளை அங்கே லித்கோ என்ற ஊரில் செய்தார்கள். வெளியிலிருந்து வால்நட் வாங்கிக் கட்டுப்படியாகாமல், குவீன்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் என்ற உள்ளூர் மரங்களுக்கு மாறினார்கள். அந்த மரம் கொஞ்சம் மிருது. இரும்பு மோதும் இடம் நசுங்கியது. அந்த இடத்தில் மட்டும் சின்னச் செம்புத் தகடுகளைப் பதித்தார்கள். அடி முதலில் தகட்டில் விழுந்து, பரவி, பிறகு மரத்துக்குப் போகும். உலக்கைக்குப் பூண் போடறோமே, அந்த யோசனை.

மூன்றாவது பாடம் ஜெர்மனி. 1930களின் கடைசியில் அவர்கள் பீச் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, பிசின் தடவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டி, அந்தப் பலகையிலிருந்து கட்டை அறுத்தார்கள். ஒவ்வொரு ஏடும் தனித்தனியாக ஊதவோ முறுக்கிக்கொள்ளவோ பக்கத்து ஏடு விடாது. முழு மரத்தைப் போல வருஷக்கணக்கில் காய வைக்கவும் வேண்டாம். கனம் கொஞ்சம் கூடியது. ராணுவ வீரனுக்கு அது குறை. பெரிய காலிபர்காரனுக்கோ அது வரம், ஏன்னா கனம் கூடினா உதைப்பு குறையும்.

நான்காவது பாடம் வியட்நாம். அமெரிக்க மரைன் படை 1966 முதல் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு வால்நட் கட்டை போட்ட ரைபிளைக் கொடுத்தது. அந்த நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் மரம் ஊதியது, ஊதின மரம் குழலைத் தள்ளியது, காலையில் சரிசெய்த குறி சாயங்காலம் மாறியது. 1970களில் அதே ரைபிளுக்கு ஃபைபர்கிளாஸ் கட்டை வந்தது. வால்நட்டின் இரண்டு நூற்றாண்டு ஆட்சிக்கு முடிவு அங்கேதான் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

நாலு நாட்டு அனுபவத்தையும் சேர்த்து வெச்சுப் பாத்தா எனக்குத் தோணறது இதுதான். கட்டையோட ஆயுசை மரத்தோட பேர் தீர்மானிக்கலை. அடி எங்கே விழுதுன்னு கண்டுபிடிச்சு அந்த இடத்தை பலப்படுத்தினவங்க சாதாரண மரத்தை வெச்சே சமாளிச்சாங்க. நல்ல மரம்ங்கற நம்பிக்கையில அதைக் கவனிக்காம விட்டவங்களோட வால்நட் பிளந்தது.

புதுக் கட்டைக்கு என்ன பார்க்கணும்?

யானையும் காட்டெருமையும் உள்ள ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் வனக் காவலர்களும் வழிகாட்டிகளும் இன்றும் பெரிய காலிபர் ரைபிளோடுதான் நடக்கிறார்கள். அங்கே பழைய .375, .404, .416 ரைபிள்களுக்குப் புதுக் கட்டை போடுவது இன்றைக்கும் நடக்கிற வேலை. அவர்கள் முன்னால் இருப்பது மூன்று வழி.

முழு வால்நட் போடுவதென்றால் பலகையின் அழகைப் பார்த்து மயங்கக் கூடாது. சுழிசுழியாக ரேகை ஓடுகிற பலகைக்குத்தான் விலை அதிகம். அந்தச் சுழி தோள் பக்கம் இருந்தால் பரவாயில்லை, கழுத்தில் இருந்தால் ஆபத்து. கழுத்தில் நார் நேராக, கையின் வளைவோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடணும். நார் கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறினால் அங்கே முறியும். கோடாலிக் காம்புக்குக் கொம்பு தேடும்போது ஆசாரி நுனியிலிருந்து அடி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இங்கேயும். காய்ச்சலும் முக்கியம். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காயணும் என்பது பழைய கணக்கு. கட்டைப் பலகை இரண்டரை அங்குலம் இருக்கும், அப்போ இரண்டரை மூணு வருஷம். அவசரப்பட்டு ஈர மரத்தில் குடைந்தால், குடைந்த குழி மரத்தோடு சேர்ந்து சுருங்கும்.

ஒட்டுப்பலகைக் கட்டை பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. பெரிய காலிபருக்கு உழைப்பில் அது முழு மரத்தை மிஞ்சும். ஊதாது, பிளக்காது, கூடுதல் கனம் தோளைக் காப்பாற்றும். தச்சு வேலையும் அதில் செய்யலாம், ஆனால் பிசின் உளியை மழுக்கும்.

ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு மழை, வெயில், கரையான் எதுவும் பிரச்சினையே இல்லை. கையால் அடுக்கடுக்காக இழை போட்டுச் செய்ததாக இருக்கணும். அச்சில் ஊற்றி எடுத்த மலிவான பிளாஸ்டிக் கட்டை வேற ரகம். சின்னக் காலிபருக்கு அது போதும். .416 மாதிரி ஒன்றை அதில் பூட்டினால் வளையும், குறி தவறும். சில கட்டைகளுக்குள் நெடுக அலுமினியத் தண்டு வைத்திருப்பார்கள், உதைப்பல் நேராக அலுமினியத்தில் மோதும். மனித வாசனை இல்லாத பொருள்தான், ஆனாலும் வேலை செய்யும்.

எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. உதைப்பல்லுக்குப் பின்னால் ஒன்று, தோட்டாப் பெட்டிக்கும் விசைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒன்று என இரண்டு குறுக்கு போல்ட் போடணும். இது இச்சாப்பூர் திருகின் பெரியண்ணன். உதைப்பல் உக்காரும் பள்ளத்தில் எபாக்சிப் பிசின் ஊற்றி, இரும்பின் அச்சு அப்படியே பதியும்படி படுகை அமைக்கணும். லித்கோ செம்புத் தகடு செய்த வேலையை இது செய்யும். பல்லின் பின்முகம் முழுவதும் சமமாக அழுந்தணும். கடைசியாக, இரும்பின் வால் நுனிக்குப் பின்னால் கனத்த அட்டை நுழையும் அளவு இடைவெளி விடணும். பார்க்கிறவர்களுக்கு அது அரைகுறை வேலை மாதிரி தெரியும். அந்த இடைவெளிதான் ஆப்பு இறங்காமல் தடுக்கிறது.

இன்னொரு எதிரி எண்ணெய். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று இரும்புக்கு நிறைய எண்ணெய் போட்டு, குழல் மேலே பார்க்க நிறுத்தி வைப்பார்கள். வருஷக்கணக்கில் அந்த எண்ணெய் வழிந்து, சரியாக அடி விழுகிற மரத்துக்குள் போய் ஊறும். கனிம எண்ணெயில் ஊறின மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, நசுங்க ஆரம்பிக்கும். பழைய ரைபிள் கட்டைகள் பிளந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். மரத்துக்கு வேண்டியது ஆளிவிதை எண்ணெய், அதுவும் மெல்லிசாக, வெளிப்பக்கம் மட்டும். துப்பாக்கி எண்ணெய் இரும்போடு நிற்கணும். எண்ணெய் போட்டா, கொஞ்ச நாள் குழலைக் கீழ்நோக்கி வைங்கன்னு பழைய ஆளுங்க சொன்னது இதுக்குத்தான்.

பழைய கட்டையை என்ன பண்றது?

1907இல் ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டார். 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததாகச் சொல்லப்படும் புலி. அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைபிளைக் கொடுத்தார். அது சின்னக் காலிபர்தான். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைப் பொறித்த வெள்ளித் தகடு அதில் எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? மரக்கட்டையில். அந்தக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டிருந்தால், அதோட கதையைச் சொல்ல என்ன மிஞ்சியிருக்கும்?

நம்ம நாட்டில் ஜமீன் வீடுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் உரிமத்தோடு இருக்கும் பழைய பெரிய ரைபிள்கள் இனி எந்த மிருகத்தையும் சுடப்போவதில்லை. அவற்றுக்கு உழைக்கும் கட்டை தேவையில்லை, உண்மையான கட்டைதான் தேவை. வெடிப்பு இருந்தால் எபாக்சி இறக்கி, உள்ளே மெல்லிய பித்தளை ஊசி வைத்து, வெளியே தெரியாமல் சேர்க்கலாம். கழுத்தில் காலம் காலமாகக் கை பட்டுத் தேய்ந்த வழவழப்பை எந்தப் புதுக் கட்டையும் கொண்டுவராது. இந்த வேலையையும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பட்டறையில்தான் கொடுக்கணும். ஊர்த் தச்சர் எவ்வளவு கைகாரரா இருந்தாலும் அவர்கிட்ட கொடுத்து அவரைச் சிக்கல்ல மாட்டிவிடக் கூடாது.

தொழிலுக்காகத் தினமும் ரைபிளைத் தூக்குகிற ஆப்பிரிக்க வனக் காவலருடைய நிலைமை வேற. அவர் ஒட்டுப்பலகையோ ஃபைபர்கிளாஸோ போட்டுக்கொள்ளட்டும், பழைய வால்நட் கட்டையைத் துடைத்து, துணி சுற்றி, பரண்மேல் பத்திரமாக வைக்கட்டும். அந்தக் கட்டையைப் பின்னொரு நாள் எடுத்துப் பார்க்கிறவர் உதைப்பல் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினால் போதும். அங்கே மரம் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ, அவ்வளவு வெடியை அது வாங்கியிருக்கிறது.